குருவின் பெயர் எங்கே? வில்வேட்டை, வாசனை, இஷி

அமெரிக்காவில் இலையுதிர்காலம் நெருங்கும்போது வேட்டைச் சாமான் விற்கும் கடைகளில் ஒரு தனி அலமாரி நிறைந்துவிடும். அதில் சின்னச் சின்னப் புட்டிகள். சிலவற்றில் பெண் மானின் சிறுநீர் இருக்கும். சிலவற்றில் மானின் சுரப்பி நீர், இன்னும் சிலவற்றில் ஆப்பிள், ஓக் கொட்டை வாசனை. மனித வாடையைப் போக்கும் சோப்பும் தெளிப்பானும் பக்கத்திலேயே இருக்கும். வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்குகிற பொருட்கள் இவை.

தலித் அரசியல் பேசும் இடத்தில் மான் மூத்திரத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். அந்தப் புட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய மக்கள் நாய்களை ஏவி வேட்டையாடப்பட்டார்கள். அவருடைய வேட்டை அறிவு புத்தகமானது. அவருடைய மூளை ஜாடிக்குள் போனது. அவரிடம் வில்வித்தை கற்றவர் பெயரில் இன்று ஒரு சங்கம் இருக்கிறது. இட ஒதுக்கீடு, நிலம், கோயில் நுழைவு பற்றிப் பேசும் நாம் அறிவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அறிவு யாருடையது, அதற்குப் பெயர் யார் வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இஷியின் கதை ஒரு நல்ல பாடம்.

மூக்குதான் பிரச்சினை

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். துப்பாக்கிக்காரர் நூற்றுக்கணக்கான அடி தள்ளி நின்று மானைச் சுடலாம். வில்லாளிக்கு அது முடியாது. அம்பு சரியாகப் பட வேண்டுமானால் மான் ஏறக்குறைய 60 அடிக்குள் வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மானின் கண்ணை ஏமாற்றலாம். அசையாமல் நின்றால் போதும். காதையும் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்றுவதுதான் கடினம்.

மான்கள் ஒன்றோடொன்று வாசனையால் பேசிக்கொள்கின்றன. கண்ணோரத்திலும் பின்னங்கால் மூட்டின் உட்புறத்திலும் குளம்புப் பிளவிலும் சுரப்பிகள் உண்டு. இணைசேரும் பருவத்தில் ஆண் மான் தாழ்ந்த கிளை ஒன்றின் கீழே தரையைக் காலால் பிறாண்டி, அதில் சிறுநீர் விட்டு, மேலே தொங்கும் கிளையில் முகத்தை உரசி அடையாளம் வைக்கும். பெண் மானின் சிறுநீரை முகர்ந்ததும் மேலுதட்டைச் சுருட்டி வாயைத் திறந்து நிற்கும். மேலண்ணத்தில் உள்ள ஒரு தனி உறுப்பால் அந்த வாசனையைச் சோதிக்கிறது என்று பொருள்.

வாசனைப் புட்டி இந்த இயற்கையைப் பயன்படுத்திக்கொள்கிறது. அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் சில விதிகளைச் சொல்வார்கள். முதல் விதி காற்று. சந்தேகப்படும் மான் நேராக வாசனையை நோக்கி வராது. சுற்றிப்போய், காற்று தன் முகத்தில் அடிக்கும் பக்கத்திலிருந்து வரும். ஆகவே அது வேட்டைக்காரரின் வாடை வீசும் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அம்பின் எல்லைக்குள் வரும்படி வாசனையை வைக்க வேண்டும். இரண்டாவது காலம். இணைசேரும் பெண் மானின் வாசனை அந்தப் பருவத்தில்தான் பலிக்கும். வட மாநிலங்களில் அது பெரும்பாலும் நவம்பர் மாதம். முன்கூட்டியே ஊற்றினால் மானுக்குச் சந்தேகம்தான் வரும். மூன்றாவது அளவு. சில சொட்டுகள் போதும். நான்காவது, கையுறையும் ரப்பர் காலணியும் போட்டுக்கொள்ள வேண்டும். மான் வாசனையோடு மனித வாடையும் சேர்ந்துவிட்டால் எல்லாம் வீண்.

அதாவது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புட்டியும் காற்றையும் காலத்தையும் தன் உடம்பையும் அறியாதவருக்கு உதவாது. இந்த அறிவைப் புட்டி விற்கிறவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

மோப்பத்துக்குத் தப்பியவர்கள்

வட கலிபோர்னியாவில் லாசன் மலைச் சரிவில் டியர் க்ரீக், மில் க்ரீக் என்ற இரண்டு ஓடைகள். யானா மொழி பேசியவர்களில் ஒரு பிரிவான யாஹி மக்களின் நிலம் அது. 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1850-இல், மாநிலம் ஆவதற்குச் சில மாதங்கள் முன்பே, பூர்வகுடிகளின் பாதுகாப்புக்கான சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயர்தான் பாதுகாப்பு. பூர்வகுடிக் குழந்தைகளைப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளவும், ‘சும்மா திரிகிறவர்’ என்று சொல்லி ஒருவரை ஏலத்தில் விடவும் அது வழி செய்தது. ஆயுதக் குழுக்கள் பூர்வகுடிகளைக் கொல்லப் போன செலவை மாநில அரசு கொடுத்தது. 1846-இல் சுமார் 1,50,000 என்று கணிக்கப்படும் கலிபோர்னியப் பூர்வகுடிகளின் எண்ணிக்கை 1870 வாக்கில் 30,000 அளவுக்கு விழுந்தது. 2019-இல் கலிபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம் இதை இனப்படுகொலை என்றே சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

யாஹிகளுக்கும் இதுதான் நடந்தது. 1865-இல் த்ரீ நோல்ஸ் என்ற இடத்தில் அவர்கள் தூங்கும்போது தாக்கப்பட்டார்கள். பின்னர் கிங்ஸ்லி குகையில் சுமார் 30 பேர் கொல்லப்பட்டார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் நாய்களை மோப்பம் பிடிக்க வைத்து அவர்களின் தடத்தைத் தொடர்ந்து போயிருந்தார்கள். எஞ்சிய சிலர் நாற்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். கால்தடம் விழாமல் பாறைக்குப் பாறை தாவிப் போனார்கள். புகை மேலே எழாதபடி சின்னதாகத் தீ மூட்டினார்கள்.

1908-இல் நில அளவையாளர்கள் சிலர் அவர்களின் மறைவிடத்தைக் கண்டுவிட்டார்கள். அங்கே நடக்க முடியாத ஒரு கிழவி போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். வந்தவர்கள் வில், அம்பு, கூடை, தோல் போர்வை என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஞாபகப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம் அது. வேட்டைக் கருவியை எடுத்துக்கொண்டு போவது சோற்றை எடுத்துக்கொண்டு போவதுதான்.

அந்தக் கிழவியின் மகன்தான் 1911 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஓரோவில் ஊருக்கு வெளியே ஒரு மாடறுக்கும் கொட்டகையில் பசியோடு கண்டுபிடிக்கப்பட்டவர். வயது ஏறக்குறைய 50. ஊர் காவல் அதிகாரி அவரைச் சிறையில் வைத்தார். பத்திரிகைகள் ‘காட்டு மனிதன்’ என்று எழுதின. கலிபோர்னியப் பல்கலைக்கழக மானுடவியலாளர்கள் அவரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கம் அல்ல. சொல்லித்தர வேண்டிய உறவினர் யாரும் உயிரோடு இல்லை. எனவே ஆல்பிரட் குரோபர் என்ற பேராசிரியர் அவரை ‘இஷி’ என்று அழைத்தார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள்.

ஓர் இலை

இஷி அந்த அருங்காட்சியகத்திலேயே தங்கினார். துப்புரவு உதவியாளராக வேலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வரும். அவர் கல்லில் அம்புமுனை செதுக்குவதையும் தீக்கடைவதையும் பார்த்துவிட்டுப் போவார்கள். கூட்டுவது, துடைப்பது, காட்சிப் பொருளாக நிற்பது: ஒரே கட்டடத்தில் மூன்று வேலை.

அருங்காட்சியகத்தின் பக்கத்தில் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவராக இருந்தவர் சாக்ஸ்டன் போப். இஷிக்கு வைத்தியம் பார்த்தவர் நண்பரும் ஆனார். வில் செய்வது, அம்பு செய்வது, பதுங்குவது என எல்லாவற்றையும் இஷியிடம் கற்றார். 1914 மே மாதம் குரோபர், போப் முதலியோர் இஷியை டியர் க்ரீக் பகுதிக்கே அழைத்துப் போனார்கள். தன் மக்கள் செத்த இடத்துக்குத் திரும்பிப் போக இஷிக்கு மனமில்லை. ஆனாலும் போனார்.

இஷியின் வேட்டையைப் பற்றி போப் எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைய கடை அலமாரி நினைவுக்கு வரும். மான் வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் சாப்பிட மாட்டார், புகையிலை தொட மாட்டார். விடியுமுன் எழுந்து ஓடையில் குளிப்பார். வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். வாயைக் கொப்பளித்து, தண்ணீர் மட்டும் குடித்து, வெறும் வயிற்றோடு கிளம்புவார். பதப்படுத்திய மான்தலையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். என்ன அது என்று மான் கிட்டே வரும்.

வாடையைப் போக்குதல், வாசனையால் மறைத்தல், மானைக் கவர்ந்து வரவழைத்தல். இன்று தனித்தனிப் புட்டியிலும் பெட்டியிலும் விற்கிற மூன்றும் அந்த ஒரு காலை நேரத்துக்குள் இருக்கின்றன. இஷி மூத்திரப் புட்டி பயன்படுத்தவில்லை. மானைக் கவர மானின் தலையையே பயன்படுத்தினார். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: மானின் புலன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிந்து, தன் உடம்பை அதற்கு ஏற்ப ஒழுங்குபடுத்துவது.

நம் ஊரில் மணமும் நாற்றமும் சாதியோடு பிணைந்தவை. தோல், சாக்கடை, இறைச்சி ஆகியவற்றோடு ஒரு மக்கள்கூட்டத்தின் உடம்பைச் சேர்த்து நாற்றம் என்று பெயர் வைத்தவர்கள் இங்கே உண்டு. தன் உடம்பின் வாடையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்து ஆண்ட மனிதரைத்தான் அங்கே ‘காட்டு மனிதன்’ என்றார்கள்.

தலைகீழான ஏகலைவன்

1916 மார்ச் 25-இல் இஷி காசநோயால் இறந்தார். நகரத்துக்கு வந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. அவர் உடலை அறுக்கக் கூடாது என்று நியூயார்க்கில் இருந்த குரோபர் கடிதம் எழுதினார். கடிதம் வரும் முன்பே உடற்கூறாய்வு முடிந்துவிட்டது. அதில் போப்பும் இருந்தார். உடலை எரித்துச் சாம்பலைக் கல்லறையில் வைத்தார்கள். மூளையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். உடலை அறுக்க வேண்டாம் என்று எழுதிய அதே குரோபர், சில மாதங்கள் கழித்து அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்.

ஏகலைவன் கதையில் குரு சீடனின் கட்டைவிரலைக் கேட்டார். இங்கே கதை தலைகீழ். வில் கற்றுக்கொடுத்தவர் பழங்குடி. கற்றுக்கொண்டவர்கள் படித்தவர்கள். கடைசியில் வெட்டப்பட்டது மட்டும் மாறவில்லை, அது பழங்குடியின் உடம்புதான்.

போப் இஷியிடம் கற்றதை மறைக்கவில்லை. இதை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1918-இல் யாஹி வில்வித்தை பற்றி ஆய்வு நூல் எழுதினார். 1923-இல் வெளியான அவருடைய வில்வேட்டை நூலில் இஷியைப் பற்றி அன்போடு எழுதியிருக்கிறார். அந்த நூலைப் படித்து ஒரு தலைமுறையே வில்லை எடுத்தது. அமெரிக்க வில்வேட்டைக்கு இஷி மட்டுமே காரணம் என்பதும் மிகை. தாம்சன் சகோதரர்கள் 1878-லேயே வில் பற்றி எழுதிப் புகழ் பெற்றிருந்தார்கள். அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையில் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் வில்வேட்டை போப்பையும் அவர் நண்பர் ஆர்தர் யங்கையும் தன் முன்னோடிகளாகக் கொண்டாடுகிறது. அவர்கள் பெயரில் 1961-இல் போப் அண்ட் யங் சங்கம் தொடங்கப்பட்டது. வில்லால் வீழ்த்தப்பட்ட பெரிய விலங்குகளின் கொம்பையும் மண்டையையும் அளந்து சாதனைப் பதிவேடு வைக்கும் சங்கம் அது. சங்கத்தின் பெயரில் சீடர் இருக்கிறார், சீடரின் நண்பர் இருக்கிறார். குரு இல்லை.

அதே 1961-இல்தான் இந்தியாவில் அர்ஜுனா விருது தொடங்கியது. பின்னர் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியா விருதும் வந்தது. தற்செயல்தான். ஆனாலும் யோசிக்க வேண்டிய தற்செயல்.

அன்பும் நன்றியும் வேறு, உரிமை வேறு. போப் இஷியை நேசித்தார் என்பதை நம்பலாம். அந்த நேசம் இஷியின் மூளையைக் காப்பாற்றவில்லை. நம்மை நேசிக்கும் நல்லவர்கள் பலரை நாமும் பார்த்திருக்கிறோம்.

வேட்டை யாருடைய உரிமை?

வில் விளையாட்டாக மாறிய அதே காலத்தில், வேட்டையை நம்பி வாழ்ந்தவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். ஒப்பந்தப்படி வேட்டையாடும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற பேனாக் மக்களின் வாதத்தை 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. வயோமிங் மாநிலம் ஆனதும் அந்த உரிமை போய்விட்டதாம். பென்சில்வேனியாவில் 1909-இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கவே தடை போட்டது. 1914-இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றது. பணக்காரர்களின் வேட்டைக் கழகமான பூன் அண்ட் க்ராக்கெட் கழகத்தில் முக்கியப் பங்கு வகித்த மேடிசன் கிராண்ட், இஷி இறந்த அதே 1916-இல் வெள்ளை இன மேன்மை பேசும் நூலை வெளியிட்டார். காட்டைக் காக்கும் பேச்சும் இனவெறியும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தன.

விஸ்கான்சின் மாநிலத்தைப் பாருங்கள். வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தை 1934-இல் முதலில் திறந்த மாநிலம் அது. அதே மாநிலம் 1908 முதலே ஒஜிப்வே மக்களின் ஒப்பந்த உரிமை செல்லாது என்று சொல்லி அவர்களைக் கைது செய்துகொண்டிருந்தது. 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது, அந்த நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை ஒஜிப்வேக்கள் தங்களிடமே வைத்துக்கொண்டிருந்தார்கள். 1974-இல் ஒஜிப்வே சகோதரர்கள் இருவர் தங்கள் குடியிருப்பு எல்லைக்கு வெளியே ஏரியில் ஈட்டியால் மீன் பிடித்துக் கைதானார்கள். வழக்கு 1983-இல் வெற்றி பெற்றது. அதன் பிறகுதான் வெள்ளையர் கூட்டம் ஏரிக்கரைகளில் திரண்டு கல்லெறிந்தது, இழிசொல் வீசியது. உரிமையை விட்டுக்கொடுத்தால் கோடிக்கணக்கில் டாலர் தருகிறோம் என்று அரசு பேரம் பேசியது. 1989-இல் லாக் டு ஃப்ளாம்போ மக்கள் வாக்களித்து அதை மறுத்தார்கள். வறுமையில் இருந்தவர்கள் அந்தப் பணத்தை மறுத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

2019-இல் க்ரோ இனத்தைச் சேர்ந்த ஹெரேரா என்பவரின் வேட்டை வழக்கில், மாநிலம் உருவானதால் ஒப்பந்த உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1896-இல் சொன்னதை மாற்ற 123 ஆண்டுகள் ஆயின.

‘கடைசி மனிதன்’ என்ற பொய்

இஷியைக் கடைசி யாஹி என்றே எழுதினார்கள். குரோபரின் மனைவி தியோடோரா எழுதி 1961-இல் வந்த நூல் இஷியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. கடைசி மனிதர் செத்துவிட்டால் கேட்க யாரும் இல்லை. நிலத்தையும் கேட்க மாட்டார்கள், மூளையையும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் கேட்டார்கள். ஓரோவிலைச் சேர்ந்த மைடு இனத்தவரான ஆர்ட் ஏங்கிள் 1990-களில் தேடத் தொடங்கினார். மானுடவியலாளர் ஓரின் ஸ்டார்னும் தேடினார். 1999-இல் மூளை ஸ்மித்சோனியன் கிடங்கில் இருப்பது உறுதியானது. யானா மக்களின் வழிவந்தவர்கள் ரெடிங் ரான்சேரியாவிலும் பிட் ரிவர் இனத்தவரிடையிலும் இன்னும் வாழ்கிறார்கள் என்பதும் ஏற்கப்பட்டது. இஷியின் அம்புமுனைகள் அண்டை இனத்தவரின் பாணியில் இருப்பதாக ஓர் ஆய்வாளர் காட்டியிருந்தார். தூய கடைசி மனிதன் என்று ஒருவரும் இல்லை, உறவுகள்தான் இருக்கின்றன. 2000 ஆகஸ்டில் மூளையும் சாம்பலும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, வெளியே சொல்லப்படாத ஓரிடத்தில் அவர் மண்ணிலேயே புதைக்கப்பட்டன. 2021-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் மானுடவியல் கட்டடத்திலிருந்து குரோபரின் பெயரை நீக்கியது.

புட்டி வியாபாரத்துக்கும் ஒரு திருப்பம் வந்தது. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் ஒரு தீராத மெலிவு நோய் முதலில் காணப்பட்டது. அதன் நோய்க்கூறு சிறுநீர் வழியாகவும் வெளியேறும். பண்ணை மானின் சிறுநீரைப் புட்டியில் அடைத்துக் காட்டில் ஊற்றினால் நோயையும் சேர்த்து ஊற்றலாம் என்ற அச்சத்தில் வர்ஜீனியா, வெர்மான்ட் போன்ற மாநிலங்கள் இயற்கைச் சிறுநீர் வாசனையைத் தடை செய்தன. இஷியின் இலைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நம் பக்கமும் இதற்கு ஓர் உறவு உண்டு. 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். கருவிகள் தேடித் தோற்ற இடத்தில் அவர்கள் தடம் பார்த்துப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெயரோடு கிடைத்தது என்பதே ஒரு முன்னேற்றம். ஆனால் விருது இருவருக்குத்தான். இருளர் குடியிருப்புகளில் பட்டாவும் சாதிச் சான்றிதழும் இன்றும் போராடிப் பெறவேண்டியவைதான்.

தோழர்களே, உங்களில் பலர் இப்போது கைப்பேசியில் தாத்தா பாட்டிகளின் நினைவுகளைப் பதிவு செய்கிறீர்கள். பறை கட்டும் முறை, மூலிகை, மீன்பிடிப்பு, எலிவேட்டை என்று எல்லாம் பதிவாகிறது. நல்ல வேலை, செய்யுங்கள். செய்யும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னவரின் பெயர் தலைப்பில் இருக்கிறதா, அடிக்குறிப்பில் இருக்கிறதா? பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கிறதா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததா? அதை வைத்து நாளை யாராவது பணம் பண்ணினால் அவருக்கு என்ன வரும்?

இஷியிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை. அவருடைய உண்மையான பெயர்கூட நமக்குத் தெரியாது. அது ஒன்றைத்தான் அவர் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.